அக்கா நகரம், தங்கை நகரம்

மார்ச் 4, செவ்வாய்

ஒப்பந்தத்தை மொழிபெயர்த்துத் தமிழ்ப் பிரதியை மேயர் மேஜையில் வைத்தாயிற்று. கடலுக்கு அந்தப் பக்கத்துத் துறைமுக நகரத்துக்கும் நமக்கும் நட்பாம். பத்துப் பிரிவுகள். எனக்கு வேண்டியது ஒன்பதாவது மட்டும்: ஒரு நகரத்து மாலுமிகள் மற்ற நகரத்தில் கைவிடப்பட்டால் கரையேற்றிக் காப்பாற்றி ஊருக்கு அனுப்ப வேண்டும்.

என் தம்பி அங்கே நங்கூரமிட்ட கப்பலில் ஐந்து மாதமாகக் கிடக்கிறான். முதலாளி எல்லோரையும் அம்போவென்று விட்டுவிட்டு ஓடிவிட்டான். உள்ளூர்க்காரர் யாராவது பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் இறங்க விடுவார்களாம்.

வெள்ளிக்கிழமை கையெழுத்து.

மார்ச் 7, வெள்ளி

ஆகவில்லை. என்னால்.

அவர்கள் மொழியில் கூடப்பிறந்தவளுக்கு ஒரே சொல். மூத்தவளா இளையவளா என்ற கேள்வியே கிடையாது. நான் முதலில் 'சகோதரி நகரம்' என்றுதான் எழுதினேன். மேடைப் பேச்சு மாதிரி இருக்கிறது, வீட்டில் சொல்வதுபோல் எழுது என்றார் மேயர். விருந்தாளிக்கு மரியாதையாக இருக்கட்டும் என்று அவர்களை அக்கா நகரம், நம்மைத் தங்கை நகரம் என்று எழுதித் தொலைத்தேன். பேனாவைத் திறந்தவர் மூடிவிட்டார்.

"நாம யாருக்கும் தங்கச்சி இல்ல," என்றார்.

எந்தத் துறைமுகம் பழையது என்று கண்டுபிடிக்க ஐந்து பேர் கொண்ட குழு. குறிப்பெடுப்பது நான். என் தலையெழுத்து.

மார்ச் 18, செவ்வாய்

குழு கூடியது. நம் கலங்கரை விளக்கம் மூத்ததாம். இல்லை, அவர்களுடைய அலைதடுப்புச் சுவர் அதைவிட மூத்ததாம். துணை மேயர் 'இரட்டை நகரம்' என்று வைத்துவிடலாமே என்றார். மேயர் கொஞ்சம் யோசித்துவிட்டு, இரட்டையில் எது முதலில் பிறந்தது என்று கேட்டார். என் பென்சில் முனை உடைந்தது.

தம்பி போனில் பேசினான். குடிதண்ணீர் துருவாக வருகிறதாம். அவனிடம் என்ன சொல்ல? அக்கா ஒரு சொல் எழுதினாள், அதனால் நீ அங்கேயே கிட என்றா?

மார்ச் 19

தம்பி விஷயத்தை அலுவலகத்தில் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக் கதையை வேலையில் நுழைக்கக் கூடாது என்பது பதினாறு வருஷப் பழக்கம். நல்ல பழக்கம், மண்ணாங்கட்டி.

ஏப்ரல் 8, செவ்வாய்

கையெழுத்தாகிவிட்டது. கடைசியில் 'சகோதரி நகரங்கள்'. ஐந்து வாரம் ஊரைச் சுற்றி என் முதல் சொல்லுக்கே வந்தார்கள்.

கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்ட ஒரே பக்கமாக இருந்தால் அழகு என்று நாலு பிரிவுகளை வெட்டிவிட்டார்கள். ஒன்பதாவதும் போச்சு. பூங்காவில் நட்பு பெஞ்சு போடும் பிரிவு இருக்கு. பெஞ்சு! எவன் வந்து உட்காரப் போறான் அதுல? நாசமாப் போறவனுங்க. — எழுதியிருக்கக் கூடாது. எழுதியாச்சு.

ஏப்ரல் 9, புதன்

அந்த நகரத்து மொழிபெயர்ப்பாளரைப் போனில் பிடித்தேன். நம் மொழி பேசுகிற பெண். ஒரு மாதமாகத் தினமும் பேசுகிறோம். காற்புள்ளிக்கெல்லாம் சண்டை போட்டிருக்கிறோம். இன்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். உங்க ஊரு, உங்க துறைமுகம், உங்க பெஞ்சு. தம்பி கதையையும் கொட்டிவிட்டேன்.

நான் ஓயும்வரை கேட்டாள். "கப்பல் பேரு சொல்லுங்க அக்கா," என்றாள். எழுதிக்கொண்டாள். அப்புறம், "தினம் பேசுறோம். இத ஏன் எங்கிட்ட மொதல்லயே சொல்லல?"

மேயர் மேல், குழு மேல், அவள் மேல் இருந்த கோபமெல்லாம் என் பக்கமே திரும்பிவிட்டது. இருக்கட்டும். எனக்கு வேண்டியதுதான்.

ஏப்ரல் 11

அவள் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட்டுவிட்டாள். தம்பியும் இன்னும் ஏழு பேரும் கரையில்.

ஏப்ரல் 24, வியாழன்

தம்பி வந்துவிட்டான். எலும்பும் தோலும். குழாயைத் திறந்துவிட்டு அதன் எதிரில் வெகுநேரம் நின்றான். தண்ணீர் வீணாகிறது என்று நான் சொல்லவில்லை.

மே 6, செவ்வாய்

அவர்கள் ஊர்ச் சரக்குக் கப்பல் ஒன்று நம் துறைமுகத்துக்கு வெளியே மூன்று வாரமாக நிற்கிறது. அதன் முதலாளியும் கைகழுவிவிட்டான். மேயரிடம் போனேன். இந்த முறை தம்பி கதை உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். ஒப்பந்தத்தில் அப்படிப் பிரிவு எதுவும் இல்லையே அம்மா என்றார். வெட்டியவர் அவர்தான்.

துறைமுக அலுவலகத்துக்கு நடந்தேன். பொறுப்பேற்பவர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். கப்பலில் பதினோரு பேர். பெயர்களை எப்படிச் சொல்வது என்று அவளிடம் போனில் கேட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். மூன்றாவது பெயர் மட்டும் நாக்கில் நிற்கவில்லை. அதற்குள் தம்பி தண்ணீர்க் கேன்களை அந்தக் கப்பலுக்குப் போகும் படகில் ஏற்றிவிட்டான்.