வின்கா

அடி அண்ணாமலை
12.11.2025, இரவு

அன்புள்ள நந்தினி அக்காவுக்கு,

இதை யாருக்கும் காட்டாதே, மாமாவுக்குக்கூட. படித்ததும் கிழித்துவிடு. அப்பா என் போனைப் பிடுங்கிக்கொண்டார். போளூரிலிருந்து பள்ளிக்கு வரும் கீதாஞ்சலியிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உன் கொழுந்தனுக்கு என்னைப் பேசி முடித்துவிட்டார்கள். தீபத்துக்கு அடுத்த வாரம், மார்கழி பிறப்பதற்குள் கல்யாணம். எனக்குப் பதினாறு வயதுதான். குழந்தைகள் உதவி எண் 1098க்கு நீ ஒரு போன் செய்தால் போதும். டீச்சரிடம் சொல்ல வெட்கமாக இருக்கிறது.

பள்ளிக் கண்காட்சிக்கு நித்தியகல்யாணி பற்றிச் சார்ட் எழுதுகிறேன். அதன் பழைய பெயர் வின்கா. லத்தீனில் ‘கட்டுவது’ என்ற சொல்லிலிருந்து வந்ததாம். அந்தக் கொடியை வளைத்து மாலை கட்டுவார்களாம். என் செடியைப் பார்த்த அப்பா, “கல்யாண வூட்ல சுடுகாட்டுப் பூ எதுக்கு? புடுங்கிப் போடு” என்றார்.

உன் தங்கை,
எழிலரசி


போளூர்
15.11.2025

அன்புத் தங்கை எழிலுக்கு,

சளி விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தை யாருக்கும் காட்டவில்லை. மாமா கேட்டார், விஷயத்தை மட்டும் சொன்னேன். “படிப்பு ஜாஸ்தியாயிடுச்சு உன் தங்கச்சிக்கு” என்று சிரித்தார். வெள்ளிக்கிழமை வந்து உன்னை இங்கே அழைத்துவருவாராம். கல்யாணம் வரை எங்களோடு இரு.

எனக்கும் பதினேழில்தான் நடந்தது. செத்தா போய்விட்டேன்? எட்டு வருஷமாக இந்த வீட்டில் எனக்குப் பேச ஆள் இல்லை. அதை நினைத்தாயா நீ? பூவின் பெயரெல்லாம் எழுதுகிறாய்.

அக்கா,
நந்தினி


அடி அண்ணாமலை
20.11.2025, வியாழன் இரவு

நந்தினி அக்காவுக்கு,

இன்று ரேணுகாம்பாள் டீச்சரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “மொதல்லயே எங்கிட்ட சொல்லக் கூடாதாம்மா?” என்றார். அக்கா இருக்கிறாள் என்று நினைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக் காலை அதிகாரிகள் வருகிறார்கள். அவர்கள் வந்த பிறகுதான் இது உன் கைக்கு வரும்.

சார்ட்டில் ஒன்று சேர்த்திருக்கிறேன். வின்கா வேறு செடியாம். அதைப் போலவே இருக்கிறது என்று நம் பூவுக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். பிறகு வேறென்று கண்டு மாற்றினார்கள். நர்சரியில் இன்னும் வின்கா என்றுதான் விற்கிறார்கள்.

நானும் பார்க்க உன்னைப் போலத்தான் இருக்கிறேன், அக்கா. அதற்காக உனக்குப் பேச்சுத்துணையாக அந்த வீட்டுக்கு வர முடியாது. உனக்கு நடந்தபோது எனக்கு எட்டு வயது. நீ அழுததைக் கதவிடுக்கில் பார்த்தேன். அதை நீ

வாசலில் பைக் சத்தம். அப்பா தாழ்ப்பாளை எடுக்கிறார். இப்போது என் அறைக் கதவைத் தட்டுகிறார்கள்.

“எழிலு, நான்தான்டி. தொற.”

உன் குரல். வெள்ளிக்கிழமை என்றுதானே எழுதி