அப்பாவும் ஜினியும் ஆண்டவரிடம் சொன்னது

மார்த்தாண்டம்,
சனிக்கிழமை.

அன்புள்ள மகன் ஜெப்சனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே நாங்கள் மூன்று பேரும் ஓரளவு சுகமாக இருக்கிறோம், அங்கே சவுதியில், தம்மாமில் நீ அதைவிடக் கூடுதல் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். போனில்தான் பேசுகிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனை எடுத்தால் ஸ்பீக்கரில் போடு என்று உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அவரைப் பற்றிய சங்கதியை அவரை வைத்துக்கொண்டே எப்படிச் சொல்ல. வாட்ஸ்அப்பில் எழுதவோ எனக்கு இரண்டு வரிக்கு மேல் விரல் ஓடாது. பக்கத்து வீட்டு டிஜோ லீவு முடிந்து திங்கட்கிழமை அங்கே திரும்புகிறான், அவனிடம் பலாச்சக்கை வற்றல் கொடுத்துவிடுகிறேன், டப்பாவுக்கு அடியில் இது இருக்கும். வற்றல் முழுவதையும் நீயே தின்னாதே, ரூமில் உள்ள பிள்ளைகளுக்கும் கொடு. இங்கே மழை விட்டபாடில்லை. ரப்பர் பால் வெட்டு நின்று கிடக்கிறது, அதனால் அப்பா நாள் முழுக்க வீட்டில்தான் இருக்கிறார். மழையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம்.

விஷயம் உன் தங்கச்சி ஜினியின் படிப்பு. பிளஸ் டூவில் அவள் நல்ல மார்க் எடுத்தாள் அல்லவா, அதுதான் வினையாகிவிட்டது. குறைந்திருந்தால் என்னமும் வரைந்துவிட்டுப் போகட்டும் என்று அப்பாவே விட்டிருப்பார், கூடிப்போனதால் நர்சிங் என்று முடிவு செய்துவிட்டார். அவள் சென்னையில் ஓவியக் கல்லூரிக்கு எழுதிப் போட்டாள். கிடைக்காது என்ற தைரியத்தில் அப்பா ஒன்றும் சொல்லவில்லை, கிடைத்துவிட்டது. வருகிற திங்கட்கிழமை பெற்றோரில் ஒருவரோடு போய்ச் சேர வேண்டும், இல்லையென்றால் சீட் வேறு பிள்ளைக்குப் போய்விடும். அவள் கை உனக்குத் தெரியும். சண்டே ஸ்கூல் சுவரில் மிருகங்கள் வரிசையாகப் போகிற மாதிரி ஒரு படம் வரைந்தாளே, அதில் ஒட்டகத்துக்கு நம் சபைச் செயலாளர் செல்வதாஸ் அண்ணனின் முகம். சபை முழுக்கக் கண்டுபிடித்துவிட்டது, அவர் மட்டும் கண்டுபிடிக்கவில்லை. அந்த ஒட்டகத்துக்குப் பக்கத்திலேயே நின்று போட்டோ எடுத்துப் பேத்திக்கு அனுப்பினார். உன் அப்பா அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், ஜினி உள்ளே வந்ததும் முகத்தை நேராக்கிக்கொண்டு ஒழுங்கா இருக்கப் படி ஏட்டி என்றார்.

சீட் கிடைத்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. ஆனால் சண்டை நிற்கவில்லை ஜெப்சன் மக்களே, சண்டை முழுக்க ஜெபத்தில் நடந்தது. நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், சாயங்காலம் பாட்டு, வேதவாசிப்பு, பிறகு இளையவரிலிருந்து ஆளுக்கு ஒரு ஜெபம், அப்பா முடிப்பார். அப்படியானால் அவள் முதலில், அவர் கடைசியில், நடுவில் நான். ஜெபிக்கிற ஆளை யாரும் இடைமறிக்க முடியாது அல்லவா, அந்தச் சௌகரியத்தை இரண்டு பேரும் நன்றாகப் பயன்படுத்திக்கொண்டார்கள். ஆண்டவரே, ரத்தத்தக் கண்டா எனக்குத் தலை சுத்தும்னு உமக்குத் தெரியும், தெரியாதவங்களுக்கு நீரே தெரியப்படுத்தும் என்பாள் இவள். தகப்பனே, நர்ஸா இருக்க பிள்ளையள்ட்ட விசாரிச்சேன், தலைசுத்து ஒரு வருசத்தில மாறுமாம், இந்தப் பிள்ளைக்கு அத விளங்கப் பண்ணும் என்பார் அவர். மறுநாள் அவள் ஆண்டவருக்குக் கல்லூரியின் பாடத்திட்டம் முழுவதையும் விவரித்தாள், சினிமா, விளம்பரம், புத்தகம் என்று படித்து முடித்தால் கிடைக்கிற வேலைகளையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவர் பதிலுக்கு, எனக்க மவன மெக்கானிக்கல் படிக்க வச்சு வெளிநாட்டில உயர்த்தினீரே ஆண்டவரே என்று உன்னைச் சாட்சிக்கு இழுத்தார். நீ அங்கே குடோனில் பெட்டி எண்ணிக்கொண்டிருப்பது ஆண்டவருக்குத் தெரியாதா என்ன. நானும் ஆமென் என்றேன். நடுவில் என் முறை வரும்போது உன்னையும் மழையையும் அவருடைய முட்டுவலியையும் சொல்லி முடித்துக்கொள்வேன், அதற்கும் இரண்டு பேரும் என்னை முறைப்பார்கள், தங்கள் பக்கம் சேர்ந்து ஜெபிக்கவில்லையாம்.

இப்படியே போயிருந்தால்கூடத் தேவலை. போன ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு வேலை செய்தார். ஆராதனைக்கு ஸ்தோத்திரக் காணிக்கைக் கவர் வைத்து, மேலே காரணம் எழுதியிருக்கிறார். போதகர் அதை எடுத்து, சகோதரர் தங்கையன் தம் மகள் ஜினி நர்சிங் படிப்பில் சேர இருப்பதற்காகக் கர்த்தருக்கு நன்றி செலுத்துகிறார் என்று வாசித்தார். எனக்கே அப்போதுதான் தெரியும். முன்கூட்டியே நன்றி சொல்லிவிட்டால் ஆண்டவருக்கு வேறு வழி இருக்காது என்று நினைத்தாரோ என்னவோ. வெளியே வந்ததும் ஆளாளுக்கு அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள், செல்வதாஸ் அண்ணன், எனக்கு முதல் ஊசி நீதான் போடணும் கேட்டியா என்றார். அவள் எல்லோரிடமும் சிரித்த முகமாக ஸ்தோத்திரம் சொன்னாள். அன்று சாயங்காலம் அவள் முறை வந்ததும் ஆமென் என்று மட்டும் சொன்னாள். அதற்கு முன்னால் ஒரு வார்த்தை இல்லை.

அடுத்த நாளும் அப்படியே, அதற்கடுத்த நாளும் அப்படியே. அழவில்லை, சாப்பாட்டை ஒதுக்கவில்லை, துணி துவைத்துப் போட்டாள், பென்சில், பிரஷ் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டாள். அப்பா முதல் நாள் வழக்கம்போல நர்சிங்கை எடுத்தார், பதில் சொல்ல எதிரில் ஆள் இல்லாததால் பாதியில் நின்றுபோனார். பிறகு அடுக்களைக்கு வந்து, ஏட்டி சத்தியபாய், அவ உள்ளுக்குள்ளயாவது ஜெபிக்காளா என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும், நீங்களே கேளுங்க என்றேன். மூணு வயசில அவளுக்கு ஜெபம் சொல்லிக் குடுத்தது நானாக்கும், இப்ப என்னாலயே நிறுத்திட்டாளே என்றார், சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. அந்த மனிதரை இத்தனை வருஷத்தில் நான் அப்படிப் பார்த்ததில்லை. கோபம் எல்லாம் போய்ப் பாவமாக இருந்தது.

வியாழக்கிழமை கொட்டுகிற மழையில் ரப்பர் விளையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார். இந்த மழையில் விளையில் என்ன இருக்கிறது என்று நானும் கேட்கவில்லை. சாயங்காலம் ஜெபத்தில் ஜினி ஆமென் என்றாள், நான் என்னுடையதைச் சொன்னேன், அவர் தொண்டையைக் கனைத்தார். ஆண்டவரே, மெட்ராஸில தண்ணி முழுக்க உப்பு, இந்தப் பிள்ளைக்கு முடி கொட்டாத தண்ணி உள்ள ஹாஸ்டலாக் குடும் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவர் நிறுத்தவில்லை. பாத்ரூம் கதவுக்குக் கொண்டி இருக்கணும் ஆண்டவரே, பக்கத்தில ஒரு சபை இருக்கணும், குழித்துறை ஸ்டேஷனில போய் ஞாயித்துக்கிழமைக்கு ரெண்டு டிக்கெட் எடுத்திருக்கேன், அவளுக்குள்ளது கன்பார்ம், எனக்குள்ளது வெயிட்டிங் லிஸ்டில கிடக்கு, அத நீர் பாத்துக்கும், ஆமென் என்று முடித்தார். அவர் முடித்த பிறகு யாரும் ஜெபிக்கிற வழக்கம் நம் வீட்டில் இல்லை. ஆனால் ஜினி ஆரம்பித்தாள். ஆண்டவரே, அப்பாவுக்கு முட்டுவலி, லோயர் பெர்த் வேணும் என்றாள், அதற்கு மேல் அவளால் சொல்ல முடியவில்லை. நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். இரண்டு பேரும் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு முழங்காலில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள். கடைசியில் ஆமென் சொல்ல நான்தான் மிச்சம், நானே சொன்னேன்.

இரண்டு பேரும் நேரில் இன்னும் பேசவில்லை. ரயிலில் பேசித்தான் ஆக வேண்டும், அங்கே முழங்காலில் நிற்க இடம் கிடையாது. பெட்டிக்குச் சங்கிலியும் பூட்டும் வாங்க அப்பா இப்போது ஜங்ஷனுக்குப் போயிருக்கிறார், அந்த நேரத்தில்தான் இதை எழுதுகிறேன். வைத்த காணிக்கையைத் திருத்த முடியுமா என்று செல்வதாஸ் அண்ணனிடம் கேட்டாராம், அதெல்லாம் முடியாது, வேண்டுமானால் இன்னொரு கவர் வையுங்கள் என்று அவர் சொல்லிவிட்டாராம். ஒட்டகத்தின் விஷயம் தெரிந்தால் அதற்கும் விடமாட்டார். இது உன் கையில் கிடைக்கும்போது ஜினி சேர்ந்திருப்பாள். அப்பா உன்னிடம், நான் முதலிலேயே இதைத்தான் நினைத்தேன் என்று சொல்லுவார். ஆமாப்பா என்று சொல், சிரித்துவிடாதே. தங்கச்சிக்கு அடிக்கடி போன் செய்.

ஐஸ் தண்ணீர் குடிக்காதே, வெள்ளிக்கிழமை ஆராதனையை விடாதே, நீ போகிற வழியிலும் வருகிற வழியிலும் கர்த்தர் கூடவே இருக்கட்டும். அப்பா சென்னையிலிருந்து திரும்பிய பிறகு சாயங்கால ஜெபத்தில் இளையவள் நான்தான். முதலில் நான், கடைசியில் அவர், நடுவில் ஆள் இல்லை. உனக்கு லீவு எப்போது என்று மறக்காமல் சொல்லு மக்களே.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா சத்தியபாய்