ஸ்டெல்லாவின் மனுவில் இருந்த தப்பு

அருள்மேரியின் அப்பாவுக்கு, தாம்பரத்திலிருந்து தனம் எழுதுவது. உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் சுகம்.

செவ்வாய்க்கிழமை எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர் அறையில் புரோகிராம் எழுதும் சம்பந்தம் சார், அவருக்கு மேலதிகாரி சாமுண்டீஸ்வரி மேடம், தரை கூட்டிக்கொண்டிருந்த நான், மூன்று பேரும் இருந்தோம். நர்ஸ் படிப்புக்கு வந்த மனுக்களைப் பார்த்து மேடம் சத்தம் போட்டார்கள்.

“என்ன சார், எந்தத் தப்பு வந்தாலும் மொத்தமா பிடிச்சு ‘தகுதி இல்லை’ன்னு அடிக்க வெச்சிருக்கீங்க? தேதி தப்புன்னா அதைத் தனியா பிடிக்கணும், மார்க் குறைஞ்சா அதைத் தனியா பிடிக்கணும்!”

சார் தனித்தனியாகப் பிரித்து எழுதி மறுபடி ஓட்டினார். நம் பேத்தி ஸ்டெல்லா பெயருக்கு நேரே, பிறந்த தேதி மட்டும் சரியில்லை என்று வந்தது. மார்க் தாராளம்.

“இன்னா சார், எம் பேத்திக்கு சீட்டு கீதா?” என்றேன்.

“என் தப்பும்மா. தேதியைத் திருத்திட்டா சீட்டு உண்டு, உடனே வரச் சொல்லுங்க.”

நான் யாரை வரச் சொல்வேன்?

‘தகுதி இல்லை’ என்ற தாள் ஊருக்கு வந்த அன்று, “நல்லாத்தான் எழுதினேன் தாத்தா” என்று அவள் அழுதாளாம். பொய்க்காரி என்றீர்களாம். என்ன தப்பு என்று ஒரு கார்டு போட்டுக் கேட்கவில்லை. இருபதாம் நாள் அவளைக் கட்டிக்கொடுத்துவிட்டீர்கள்.

பஸ்ஸில் யாராவது வந்தால் என் கம்பளியையும் ஸ்டெல்லாவின் மார்க் ஷீட்டையும் கொடுத்தனுப்புங்கள். என் தலைமாட்டில் இருக்கட்டும்.

வேலைக்கு நேரமாகிறது. சம்பந்தம் சாரை மன்னித்துவிட்டேன், கேட்டதும் ஒப்புக்கொண்டார். நாற்பது வருஷமாக வாய்திறந்து சொல்லாத உங்கள் பெயரை இன்று எழுதுகிறேன். நான் மன்னிக்காத ஆள் சின்னப்பன்.