மஸ்கட்டில் பொழுதுபடும் நேரம்

அன்புள்ள மகளுக்கு,

உன் வீட்டிலிருந்து ஹம்பேர்க் வந்து சேர்ந்துவிட்டேன். விமானத்தில் இருந்து வந்த கால் வீக்கம் இன்னும் வற்றவில்லை. நாளைக்கே வேலைக்குப் போகவேண்டும்.

அப்பா உன்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. நீ இஸ்லாத்தைத் தழுவி மஸ்கட்டில் குடியேறிய பிறகு அவர் உன் பெயரைச் சொல்வதில்லையே. உங்கள் இருவருக்கும் நடுவில் நின்று நான் களைத்துவிட்டேன். ஆனாலும் சமைத்தபடியே சொன்னேன். நீ நோன்போடு பாடசாலைக்குப் போய் ஜெர்மன் படிப்பிப்பதைச் சொன்னேன். பள்ளிவாசலில் பக்கத்தில் தொழுத பெண், நீ வெளிநாட்டுக்காரி என்று அறிந்ததும் தன் பேரீச்சம்பழப் பெட்டியை அப்படியே உன் மடியில் வைத்ததையும் சொன்னேன். நான் கொண்டுவந்த முருகன் படத்துக்கு உன் வீட்டில் நீயே இடம் ஒதுக்கித் தந்ததை மட்டும் சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பேன்.

சோறு போட்டுக் கொடுத்தேன். ஒரு வாய் சாப்பிட்டவர் கையை நிறுத்தினார்.

"அந்த வெயிலுக்கை தண்ணியும் குடிக்காமலோ நிக்கிறாள்?"

"ஓம். பொழுதுபட்டாப் பிறகுதான் குடிப்பாள்."

"அங்கை எப்ப பொழுதுபடும்?"

"எனக்குத் தெரியாது. நீங்களே அவளைக் கேளுங்கோவன்."

நேரம் தெரிந்தும்தான் அப்படிச் சொன்னேன். கோபிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் எழுந்து கையைக் கழுவிவிட்டு வந்து, தன் கைபேசியை என்னிடம் நீட்டினார். உன் எண்ணை அதில் பதிந்து கொடுத்தேன்.

இன்னும் அழைத்திருக்க மாட்டார். அழைத்தால், சமயத்தைப் பற்றி ஒன்றும் பேசாதே, பிள்ளை. பொழுதுபடும் நேரத்தை மட்டும் சொல்.

உன் அம்மா