பேசி எழுதிய கட்டுரை

என் செல்லத் தங்கச்சி ஜெயந்திக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருடம் ஆகப்போகிறது. லஸ் முனையில் மெட்ரோ வேலை இன்னும் முடிந்தபாடில்லை. பள்ளிக்குச் சுற்றிக்கொண்டுதான் வருகிறேன். உன் கம்ப்யூட்டர் லேபுக்குப் புதிதாக ஒருவர் வந்திருக்கிறார். நல்ல மனிதர்தான். ஆனால் நான் எதையாவது தப்பாக அமுக்கிவிட்டு விழித்தால், "ஒண்ணும் வெடிச்சுடாதுக்கா, தைரியமா அமுக்குங்க" என்று சொல்ல அவருக்குத் தெரியவில்லை.

ஊரடங்கில் நீ என்னைப் படுத்திய பாடு நினைவிருக்கிறதா? மேற்கு மாம்பலத்தில் என் சமையலறை மேடையில், அரிசி டப்பாமேல் போனைச் சாய்த்து வைத்து இலக்கணம் நடத்தினேன். குக்கர் விசில் அடித்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். பாடம் முடிந்ததும் நீ போன் செய்து, எந்தப் பொத்தான் எதற்கு என்று மறுபடியும் முதலிலிருந்து சொல்லித் தருவாய். என்னைவிட எத்தனையோ வயது சின்னவள் நீ. உனக்கு எப்படி அவ்வளவு பொறுமை வந்தது?

இப்போது உன்னிடம் சொல்லியே ஆகவேண்டிய ஒன்று நடந்திருக்கிறது.

ஒன்பதாம் வகுப்பில் ஷாலினி என்று ஒரு பெண். நீ போன பிறகு சேர்ந்தவள். பட்டினப்பாக்கத்தில் வீடு, அம்மா மீன் விற்கிறார். வகுப்பில் வாய் ஓயாமல் பேசுவாள். எழுதச் சொன்னால் மட்டும் தலை கவிழ்ந்துவிடும். நாலு வரிக்குள் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். தமிழில் ஒரு தேர்விலும் தேறியதில்லை.

வீட்டுப்பாடம் எல்லாம் இப்போது பள்ளியின் ஆப்பில்தான் அனுப்புகிறார்கள். 'என் காலைப்பொழுது' என்று நான் கொடுத்த கட்டுரைக்கு ஷாலினி ஒரு முழுப் பக்கம் அனுப்பியிருந்தாள். ஒரு பிழை இல்லை. அந்த ஆப்பிலேயே ஒரு சோதனை வசதி இருக்கிறது. 'இது இயந்திரம் எழுதியது' என்று அது சிவப்பில் காட்டிவிட்டது. தலைமையாசிரியை அவள் அம்மாவை வரவழைத்துவிட்டார்.

"பூஜ்யம் போட்டுட்டு, எல்லார் முன்னாடியும் மன்னிப்புக் கேக்கச் சொல்லுங்க மிஸ். இல்லேன்னா எல்லாப் பசங்களும் இதையேதான் பண்ணுவாங்க" என்றார் என்னிடம்.

ஷாலினி அழவில்லை. "நான் காப்பி அடிக்கல மிஸ். பேசினேன்" என்றாள்.

பேசினேன் என்றால் என்ன என்று எங்கள் யாருக்கும் விளங்கவில்லை. அவள் அம்மாதான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "எம்பொண்ணு பொய் சொல்லாது மிஸ். அதுக்கு எழுத்துதான் வர மாட்டேங்குது. வாயால கேட்டுப் பாருங்க, இன்னா வேணாலும் சொல்லும்."

எனக்கு இரண்டு நாள் அவகாசம் தாருங்கள் என்று கேட்டு வாங்கினேன். அந்த நேரம் நீ பக்கத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய் என்று யோசித்தேன். முதலில் அந்தச் சோதனையையே சோதித்திருப்பாய், இல்லையா? பள்ளி ஆண்டுமலருக்கு என்றைக்கோ நான் கைப்பட எழுதிய கட்டுரை ஒன்றை எடுத்து, பொறுமையாக டைப் அடித்து, அதே ஆப்பில் போட்டேன். அதுவும் இயந்திரம் எழுதியதுதானாம்! முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஷாலினியின் நினைவு வந்தது. எனக்கே இந்தக் கதி என்றால், அந்தப் பிள்ளைக்கு யார் பேசுவார்கள்?

தலைமையாசிரியையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். "அப்ப நானும் மெஷினா மேடம்?"

அவர் அந்தச் சிவப்பு வரியைப் படித்துப் பார்த்தார். "சரி, சாப்ட்வேர் தப்புன்னே வெச்சுக்கலாம். ஆனா அந்தப் பொண்ணுதான் எழுதினான்னு எப்படிச் சொல்றீங்க?"

நியாயமான கேள்விதான். ஷாலினியை உன் லேபுக்கு அழைத்துப்போனேன். தலைமையாசிரியையும் வந்து ஓரமாக உட்கார்ந்தார். "வீட்டில் எப்படிச் செய்தாயோ, அப்படியே செய்" என்றேன். அவள் மைக்கை வாயருகே இழுத்துக்கொண்டாள்.

"விடியறதுக்கு முன்னாடி எங்கம்மா ஏலத்துக்குப் போய்டும். நானும் கூடப் போவேன். கடல்லேர்ந்து போட்டு வந்தா ஒரே சத்தமாக் கீது. நெத்திலிக் கூடையத் தூக்கிக்கினு வருவேன். மீனு கண்ணத் தொறந்துக்கினே செத்துக் கீது. அதான் கூடைக்குள்ள பாக்காம நடப்பேன்."

அவள் பேசப் பேசத் திரையில் எழுத்து ஓடியது. நெத்திலிக் கூடையை அது 'நெத்தியில் கூடை' என்று எழுத, மூன்று பேரும் சிரித்துவிட்டோம். பிறகு அவள் ஒரு பொத்தானை அமுக்கினாள். பேச்சு முழுவதும் நல்ல தமிழாகிவிட்டது. 'மீன்கள் விழிகளை மூடாமலேயே உயிர் நீத்திருந்தன' என்று வந்தது.

"இதுல எதும்மா உன்னோடது?" என்று கேட்டேன்.

"ரெண்டும் என்துதான் மிஸ். இதுல தப்பு இல்ல, அவ்ளோதான்."

"நீ கூடைக்குள்ள பாக்காம நடந்தியே, அது எங்க?"

அவள் திரையை மேலும் கீழும் நகர்த்தித் தேடினாள். "ஐய, அத்த வுட்டுட்ச்சு மிஸ்!" அவளுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. அந்த வரியை அழிக்கச் சொல்லிவிட்டு யோசித்தாள். பிறகு ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள், நான் டைப் அடித்தேன்: 'மீன்கள் கண்ணைத் திறந்தபடியே செத்திருக்கும். அதனால் நான் கூடைக்குள் பார்க்காமல் நடப்பேன்.'

ஜெயந்தி, இத்தனை வருடம் தமிழ் நடத்தியிருக்கிறேன். பிழை திருத்துவது வேறு, எழுத்து வேறு என்று இவ்வளவு பளிச்சென்று ஒரு பிள்ளைக்கு நான் காட்டியதே இல்லை. அன்றைக்கு அதைக் காட்டியது நானா, அந்த இயந்திரமா? இன்னும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தலைமையாசிரியை பூஜ்யத்தை எடுத்துவிட்டார். மன்னிப்புப் பேச்சும் அதோடு நின்றது. ஆனால் எல்லாம் சுபமாக முடிந்துவிட்டது என்று நினைக்காதே. ஆசிரியர் அறையில் வைதேகி பிடிபிடி என்று பிடித்துக்கொண்டாள். "நாளைக்கு எல்லாக் குழந்தையும் ஆத்துல உக்காந்துண்டு பேசியே அனுப்பறேன்னா என்ன பண்ணுவேள்? கையால எழுதற பழக்கமே போயிடாதா?" அவள் சொன்னதையும் தள்ள முடியவில்லை. நீ இருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பாய்?

ஷாலினியின் எழுத்து ஏன் இப்படி இடம் மாறுகிறது என்று இதுவரை யாரும் பார்த்ததில்லை. அவள் அம்மாவோடு நானும் அரசு மருத்துவமனைக்குப் போனேன். வரிசையில் உட்கார்ந்து, பல தடவை அலைந்தோம். அவளுக்குக் கற்றலில் குறைபாடு இருக்கிறது, அறிவில் ஒரு குறையும் இல்லை என்று மருத்துவர் சான்றிதழ் கொடுத்தார். அதைக் கேட்டு அவள் அம்மா அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டார். "சோம்பேறின்னு நானே அடிச்சிருக்கேன் மிஸ்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது தேர்வில் ஷாலினி சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆசிரியர் கூட உட்காருகிறார். அரையாண்டில் முதல் தடவையாகத் தமிழில் தேறியிருக்கிறாள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கும் இதே உதவி கேட்டு இப்போதிருந்தே விண்ணப்ப வேலையைத் தொடங்கிவிட்டோம்.

இன்னொரு சேதி. நீ சனிக்கிழமைகளில் ஆசிரியர்களுக்கு நடத்துவாயே ஒரு வகுப்பு, அதை என்னை நடத்தச் சொல்கிறார்கள். என்னை! புதுச் சாருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. இருந்தும் ஒப்புக்கொண்டுவிட்டேன். வைதேகிதான் முதலில் பெயர் கொடுத்திருக்கிறாள், சண்டை போடுவதற்கென்றே.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கண்ணு. அந்த வகுப்பில் எனக்குத் தெரியாததைத் தெரியாது என்றே சொல்வேன். எந்தத் திரை எந்தப் பிள்ளையைப் பற்றி என்ன காட்டினாலும், அந்தப் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து, அது பேசி முடிக்கும்வரை கேட்காமல் ஒரு மதிப்பெண்ணும் போட மாட்டேன்.

என்றும் உன்,
கூடப் பிறக்காத அக்கா,
கோமதி