கரடியின் கண்

14 நவம்பர் 2006, செவ்வாய்

இன்று நாங்கள் வேலை செய்யும் அல் கூஸ் பொம்மைக் கோடவுனுக்குப் பல்கேரியாக்காரர் வந்திருந்தார். வருஷா வருஷம் எங்களிடம் பொம்மை எடுப்பவர். விலை பேசி, டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். இன்று கையில் ஒரு இடுக்கியோடு வந்தார். கரடி பொம்மையின் கண்ணைப் பிடித்து இழுத்தார். கழன்று வந்துவிட்டது.

போன வருஷமும் இதே கரடிதானே என்று கேட்டேன். ஜனவரியில் அவர்கள் நாடு ஐரோப்பிய யூனியனில் சேர்கிறதாம். அதற்காகக் கடைச்சரக்குச் சட்டங்களை எல்லாம் அங்கே உள்ளபடி மாற்றிவிட்டார்களாம். பிள்ளைகள் விழுங்குகிற மாதிரி கண் கழன்றால் இனிமேல் விற்க முடியாதாம்.

கூட வேலை செய்யும் செல்வம் என் காதில், "இன்னும் கல்யாணமே ஆவல, அதுக்குள்ள மாமியா வூட்டுப் பழக்கமாண்ணே?" என்றான். சிரித்துவிட்டேன். ஆனாலும் அது மண்டையை விட்டுப் போகவில்லை. ஒரு நாடு யூனியனில் சேர்வதற்கும் ஒரு கரடியின் கண்ணுக்கும் என்ன சொந்தம்? அப்படியானால் போன வருஷம் வாங்கிய பிள்ளைகள்?

அவர் சரக்கு எடுக்காமல் போனதும் மேனேஜர், "கலாஸ், முடிஞ்சுது. எல்லாக் கரடிப் பெட்டியையும் சென்னை கன்டெய்னர்ல ஏத்துங்க" என்றார். ஏற்றினோம். நானும்தான்.

போன லீவில் ஊருக்குப் போனபோது பாப்பாவுக்கு நான் கொண்டுபோனதும் இந்தக் கரடிதான். சாயங்காலம் வீட்டுக்குப் போன் போட்டு, கரடிக்குக் கண் இருக்கிறதா பார் என்று மனைவியிடம் சொன்னேன்.

"ஒண்ணுதாங்க இருக்கு. இன்னொண்ணு என்னைக்கோ காணாமப் போச்சு. ஏன் கேக்குறீங்க?"

சும்மாதான் என்றேன். பாப்பாவைப் பேசச் சொன்னேன். அவள் குரலைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது.

கன்டெய்னர் காலையில் கிளம்புகிறது.