ஹூப்ளி ஃபைலில் இரண்டே வரி

உன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். உனக்குப் பிடிக்காது என்று தெரியும். அதனால்தான் முதுகை நன்றாகச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறேன். கீபோர்டில் மற்ற எழுத்தெல்லாம் பளிச்சென்று இருக்கின்றன. கண்ட்ரோல், சி, வி மூன்றும் மட்டும் தேய்ந்து வழவழவென்று கிடக்கின்றன. காப்பி, பேஸ்ட், காப்பி, பேஸ்ட். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. செத்துப்போனவளின் சாமானைப் பார்த்து யாராவது சிரிப்பார்களா? நான் சிரித்தேன்டி.

காலை ரயிலில் மாரிக்குப்பத்தில் நான் ஏறுவேன், உரிகத்தில் நீ. உனக்காகத் துப்பட்டாவைப் போட்டு இடம் பிடித்துவைத்து, லேடீஸ் பெட்டியில் தினமும் யாராவது ஒருத்தியிடம் திட்டு வாங்குவேன். மெஜஸ்டிக்கில் இறங்கி பீன்யா பஸ். பம்ப் செட் செய்கிற கம்பெனி, சர்வீஸ் செக்‌ஷன், நாம் இரண்டு பேரும் கான்ட்ராக்ட் ஆபரேட்டர்கள். பெர்மனென்ட் இடமோ ஒன்றே ஒன்று. "கெடச்சா ரெண்டு பேருக்கும் கெடைக்கணும்டி. இல்லன்னா ரெண்டு பேருக்கும் வேணாம்" என்று சொன்னாய், என் டப்பாவிலிருந்த முட்டைப் பொரியலைத் தின்றுகொண்டே. நான் நம்பினேன். அப்பா வேலை பார்த்த தங்கச் சுரங்கத்தை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்ட நேரம் அது. என் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. அது உனக்கு நன்றாகத் தெரியும்.

திங்கட்கிழமை வந்தால் கர்நாடகம் முழுக்க இருந்து வந்த கம்ப்ளெயின்ட் எல்லாம் ஒரே ஷீட்டில் வந்து விழும். ஹூப்ளி, தாவணகெரே, மைசூர், பெல்லாரி என்று கிளைக்கு ஒரு ஃபைலாகப் பிரித்து அனுப்ப வேண்டும். நாம் கையால் பிரித்துக்கொண்டிருந்தோம். கழுத்து போய்விடும். அப்போதுதான் சாப்பாட்டு நேரத்திலெல்லாம் உட்கார்ந்து, அந்த வேலையைக் கம்ப்யூட்டரே செய்யும்படி நான் ஒரு மேக்ரோ எழுதினேன். அது ஷீட்டில் மேலிருந்து கீழே இறங்கும். ஊர்ப்பெயர் மாறாதவரை ஒரே ஃபைலில் போடும். மாறியதும் அதை மூடிவிட்டு அடுத்த ஊர்ப்பெயரில் புது ஃபைல் திறக்கும். அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதன் மேலேயே எழுதட்டுமா என்று கேட்டுக் கேட்டு உயிரை வாங்கியதால், அந்தக் கேள்வியையும் அணைத்துவைத்தேன். பட்டனை அழுத்தினால் போதும். நீ டீ வாங்கிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் மேக்ரோவுக்குள் எழுதவில்லை. பட்டனை அழுத்துமுன் ஊர்ப்பெயர் இருக்கிற நெடுக்குப் பத்தியை அகரவரிசைப்படுத்திவிடுவேன், ஹூப்ளியெல்லாம் ஒன்றாக, மைசூரெல்லாம் ஒன்றாக வரும்படி. உலை வைக்குமுன் அரிசி களைகிற மாதிரி அதைக் கை தானாகச் செய்துவிடும். அந்த நேரத்தில் நீ டீக்குப் போயிருப்பாய். ஒருநாளும் பார்த்ததில்லை.

அப்பாவுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்த வாரம் நான் வேலைக்கு வரவில்லை. அந்த வாரம் நீ மேனேஜரைக் கூப்பிட்டுப் பட்டனை அழுத்திக் காட்டினாய். நான் வரிசைப்படுத்தி வைத்துவிட்டுப் போன ஷீட் அது, அதனால் ஒழுங்காக வந்தது. எல்லாம் நீயே எழுதியதாகச் சொன்னாய். அதையாவது பொறுத்திருப்பேன். அதற்கு மேல் ஒன்று சொன்னாயே, அதை ஆபீஸ் பெருக்குகிற கௌரம்மாதான் என்னிடம் சொன்னாள். "அவளேதான்ம்மா சொன்னா, 'சார், இனிமே இதுக்கு ஒப்ரு சாக்கு'ன்னு. நான் அங்கேயேதான் தொடைச்சுட்டு இருந்தேன்."

கன்னடத்தில் சொன்னால் என்ன, ஒருத்தர் போதும் என்பதுதானே. அந்த ஒருத்தி நீ. நான் திரும்பி வந்தபோது கேட்டிலேயே கணக்கு முடித்து அனுப்பினார்கள். மறுநாள் காலை வண்டிக்கு எழுந்து தலை வாரிய பிறகுதான் போக இடமில்லை என்று உறைத்தது. அம்மா பார்த்துக்கொண்டே நின்றார். அந்தக் காலையை நான் மறக்கவே மாட்டேன்.

அப்புறம் வந்தாயே, சுரங்கத்துக்காரர்கள் கொடுத்த எங்கள் லைன் வீட்டுக்கு, கையில் ஆப்பிள் பையோடு. அப்பாவைப் பார்க்க வந்ததாகச் சொன்னாய். அப்பா தூங்கிக்கொண்டிருந்தார். அம்மா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் குரலை இறக்கினாய்.

"ஏண்டி, ஃபைலெல்லாம் பாதி பாதியா வருது. ஹூப்ளிக்கு ஷீட்டுல அவ்ளோ இருக்கு, ஃபைல்ல பாத்தா ரெண்டே வரி நிக்குது. மொதல்ல என்னமோ பண்ணுவியே, அது என்னடி?"

ஒரு நொடியில் எனக்குப் புரிந்துவிட்டது. வரிசைப்படுத்தாமல் அழுத்துகிறாய். ஹூப்ளி வரும், மைசூர் வரும், மறுபடி ஹூப்ளி வரும், முதல் ஹூப்ளியை அது தின்றுவிடும். கடைசித் துண்டுதான் மிஞ்சும். ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

"எனக்கு மறந்துபோச்சுடி" என்றேன்.

"உனக்கா?"

"அப்பா ஆஸ்பத்திரில கெடந்தப்ப நெறைய மறந்துபோச்சு."

உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். இனித்தது. 'உன்னைக் கேக்காம பண்ணிட்டேன்டி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அங்கேயே பேப்பரில் எழுதிக் கொடுத்திருப்பேன். அந்த அளவுக்கு நான் பைத்தியக்காரியாகத்தான் இருந்தேன். நீ காபியைக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாய்.

அதன் பிறகு உன்னைப் பற்றிய சேதியெல்லாம் கௌரம்மா மூலம் வந்துகொண்டிருந்தது. ராபர்ட்சன்பேட்டையில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன், பாதிச் சம்பளத்துக்கு. கௌரம்மா போன் செய்வாள். "திங்கக்கெழமை ஆனா எல்லாருக்கும் முன்னாடி வந்து உக்காந்துக்கறாம்மா. யாராச்சும் உள்ள வந்தா டக்குனு ஸ்கிரீன மாத்திக்கறா." மேக்ரோ ஓடுகிறது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, நீ கையால் பிரித்துக்கொண்டிருந்தாய். பெர்மனென்ட் ஆனதே அந்த மேக்ரோவால்தான், அது ஓடவில்லை என்று எந்த வாயால் சொல்வாய்? வருடக்கணக்கில் வெட்டி ஒட்டினாய். நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒருநாள் உன் முன்னால் வந்து நிற்க வேண்டும், எல்லாரும் பார்க்க அந்தப் பத்தியை வரிசைப்படுத்திப் பட்டனை அழுத்திக் காட்ட வேண்டும். இதை எத்தனை தடவை மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன், என்ன புடவை கட்டிக்கொண்டு வருவது என்பது உட்பட. நீ என்னடாவென்றால் ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாய். சாவு வீட்டில் உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "உன் சிநேகிதி போயிட்டாளேம்மா" என்று அழுதார். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்.

பிறகு மேனேஜர் போன் செய்தார். "அந்த மேக்ரோ இங்க யாருக்கும் வரலைம்மா. நீங்க அவங்க ஃப்ரெண்டுதானே, உங்களுக்கு ஏதாச்சும் சொல்லிக் குடுத்திருப்பாங்களே?"

நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தாயாம். போனை அப்படியே வைத்துவிடலாம் என்றிருந்தது. ஆனாலும் வேலை வேண்டும். "கொஞ்சம் தெரியும் சார்" என்றேன்.

இன்று காலை வந்தேன். மேக்ரோவைத் திறந்தால் முதல் வரியில் உன் பெயர். அழித்துவிட்டு என் பெயரை அடித்தேன். மேனேஜர் பின்னால் வந்து நின்றார். பத்தியை வரிசைப்படுத்தினேன், பட்டனை அழுத்தினேன். பெல்லாரி, தாவணகெரே, ஹூப்ளி, மைசூர். ஒன்றுகூடக் குறையவில்லை.

"எவ்ளோ நல்லா செஞ்சு வெச்சிட்டுப் போயிருக்காங்க பாருங்க" என்றார்.

"சார், இதை எழுதினது நான்."

சுவரில் மாலை போட்ட உன் போட்டோ பக்கம் ஒருமுறை பார்த்தார். "போனவங்களப் பத்தி அப்பிடிச் சொல்லக் கூடாதும்மா" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டார்.

கௌரம்மா துடைப்பத்தோடு வாசலில் நின்றிருந்தாள். அவளும் தலையைக் குனிந்துகொண்டாள்.

கெட்டிக்காரிடி நீ. இருக்கும்போது பறித்துக்கொண்டதை, செத்து உன் பெயருக்கே பட்டா போட்டுக்கொண்டாய். இனி நான் எதைச் சொன்னாலும் பொறாமைக்காரி. இந்த நாற்காலி கிடைத்துவிட்டது, சம்பளம் வரும், அப்பாவுக்கு மருந்து வாங்கலாம். ஆனால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இந்தப் பட்டனை அழுத்தி, எல்லாரும் உன்னைப் புகழ்வதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். இந்தக் கோபத்தைக் கொண்டுபோய்க் கொட்ட எனக்கு ஒரு இடமில்லை. பாவி, ஒரே ஒரு தடவை எழுந்து வா. அந்த அறைக்குள் போய் அவரிடம் உண்மையைச் சொல். சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்துக்கொள், நான் தடுக்க மாட்டேன்.